சிக் டயட்

உக்காரச் சொல்லாதிய மேடம், நின்னுக்கிட்டே சொல்லுதேன். உக்காந்தா எனக்குக் குரல் எறங்கிரும். இன்னைக்கி எறங்கக் கூடாது.

இந்த மஞ்சப் பட்டைய நீங்களே வச்சுக்கிடுங்க. நான் கையில கட்ட மாட்டேன். ஒங்க மேல தப்பு இல்ல, ரிசப்ஷன்ல ஒங்ககிட்ட என்ன சொல்லிக் குடுத்தாவளோ அதத்தான் செய்யுதிய. நீலப் பட்ட கட்டுனவன் உள்ள மெஸ்ஸுக்கு, மஞ்சப் பட்ட கட்டுனவன் வெளிய பந்தலுக்கு. இந்தப் பட்டைய வாங்குனது யாரு தெரியுமா? நான்தான். தென்காசியில கடை கடையா ஏறி, நீலம் சாயம் போகுமா போகாதான்னு தண்ணியில நனைச்சுப் பாத்து வாங்கிட்டு வந்தவன் நான். அதுல ஒரு மஞ்சள் எனக்குன்னு எவனாவது அன்னைக்கிச் சொல்லியிருந்தா, மொத்தத்தையும் அந்தக் கடையிலயே போட்டுட்டு பஸ் ஏறியிருப்பேன்.

ஒங்க லாட்ஜப் புடிச்சது யாரு? நானு. கொடைக்கானல் போவோம்னு ஒரு கூட்டம் நின்னுது. ஏல, நாப்பது வருஷம் கழிச்சுக் கூடுதோம், பாதிப் பேருக்கு மூட்டு வலி, அங்க போயிக் குளிருல போர்வைக்குள்ள கெடக்கவா கூடுதோம்னு கேட்டேன். குத்தாலம்னு முடிவாச்சு. சனி, ஞாயிறு ரெண்டு நாளு. அருவியில குளிக்கோம், பேசுதோம், சாப்பிடுதோம். ஒங்க சாப்பாட்டு ஹாலப் பாத்தியளா இப்பம்? ஒங்க நாற்காலியையெல்லாம் தூக்கி வெளிய போடச் சொல்லிட்டு, எங்க ஹாஸ்டல் மெஸ்ஸு மாதிரியே நீளப் பெஞ்சு கொண்டாந்து போட்டேன். எங்க மெஸ்ஸுல மணி கிடையாது, ஒரு துண்டுத் தண்டவாளம் தொங்கும். பழைய இரும்புக் கடையில தேடிப் புடிச்சு அதையும் தொங்கவிட்டாச்சு. கேட்டரிங்காரரு பன்னீர் வைக்கலாமாங்காரு. பன்னீரா! சாம்பாருல கரண்டிய விட்டா அடி தெரியணும்வே, அந்தப் பக்குவத்துல வைங்கன்னேன். மனுசன் அழாத கொற.

அப்பேர்ப்பட்டவனுக்கு மஞ்சப் பட்ட.

என் பேரு வைகுண்டமணி. மின்வாரியத்துல இருந்து ரிட்டயர்டு. ஆனா உள்ள போயி வைகுண்டமணி யாருன்னு கேட்டா ஒவ்வொருத்தனும் முழிப்பான், 'கட்டிலடி'ன்னு கேளுங்க, எல்லாரும் சிரிப்பாவ. சிரிக்கட்டும். கட்டிலுக்கு அடியில கெடந்து இஞ்சினியர் ஆனவன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான்.

எங்க காலேஜ்ல ஒரு சட்டம். வீடு பத்து கிலோமீட்டருக்குள்ள இருந்தா ஹாஸ்டல் கெடையாது. எங்க வீடு ஒம்பது. அந்த ஒரு கிலோமீட்டருக்கு நான் எங்க போவேன்? வீட்டத் தள்ளிக் கட்டுங்கன்னு அப்பாகிட்டச் சொல்ல முடியுமா? வீடுன்னா வெறும் வீடும் இல்ல, முன்பக்கம் மாவு மில்லு. காலையில மொளகா, மத்தியானம் அரிசி, சாயந்தரம் திரும்பவும் மொளகா. தும்மாம நான் ஒரு பக்கம் படிச்சது கெடையாது. மொத செமஸ்டர்ல மூணு பேப்பர் போச்சு. கேன்டீன் வாசல்ல மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கேன். ஆவுடை வந்தான். 'ஏல, எங்க ரூமுக்கு வந்துரு. கட்டிலுக்கு அடியில எடம் சும்மாத்தான் கெடக்கு'ன்னான்.

ஆவுடையப்பன். ஒங்க ஒம்பதாம் நம்பர் ரூம்ல இருக்கான் பாருங்க, ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, அவன்தான். எல்லாத்துக்கும் காரணமும் அவன்தான்.

அவன் ரூமு இருபத்தேழு. ரெண்டு கட்டிலு. ஒண்ணுல அவன், இன்னொண்ணுல ஞானசிகாமணி. மைக்கப் புடிச்சுக்கிட்டு அலையுதானே, பெரிய ஒடம்புக்காரன், இன்னைக்கிக் கமிட்டித் தலைவர், அவனேதான். நான் ஆவுடை கட்டிலுக்கு அடியில. வார்டன் சுத்தி வாராருன்னா டிரங்குப் பெட்டிய முன்னால இழுத்து வச்சுக்கிடுவேன். அவரு வாசல்ல நின்னு பேசிட்டுப் போற வரைக்கும் மூச்சு விட மாட்டேன்.

படுக்க எடம் கெடச்சாச்சு. சாப்பாடு? எங்க மெஸ்ஸுல தட்டு சும்மா கெடைக்காது. ஒவ்வொரு தட்டுலயும் ரூம் நம்பர் வெட்டியிருக்கும். இருபத்தேழு ஏ ஆவுடைக்கு, இருபத்தேழு பி ஞானத்துக்கு. தட்டு இல்லாதவன் உள்ள காலு வைக்க முடியாது, மெஸ் மாஸ்டர் ஒவ்வொருத்தன் மூஞ்சியும் அறிஞ்சவரு. அதுக்கும் ஆவுடைதான் வழி கண்டுபுடிச்சான். சிக் டயட். ஒடம்பு சரியில்லன்னு ரிஜிஸ்டர்ல பேரு எழுதி வார்டன் கையெழுத்துப் போட்டா, ரூமுக்கே சாப்பாடு எடுத்துட்டுப் போகலாம். ரசஞ்சாதம், சுட்ட அப்பளம், காலையில பிரட்டும் பாலும். இவன் பேர எழுதிட்டு, சிக் டயட்டு வாங்க வந்தேன்னு ஞானம் கூட மெஸ்ஸுக்குள்ள போவான். ஞானம் தட்டுல ரெண்டு பேரு சோறு வாங்கி ஆளுக்குப் பாதி தின்னுட்டு, சிக் டயட்டு தட்ட எனக்குக் கொண்டாருவான். கதவத் தட்டிட்டு 'சிக் டயட்டு!'ன்னு சத்தம் குடுப்பான். அப்பந்தான் வார்டன் இல்லன்னு தெரிஞ்சு நான் வெளிய வருவேன்.

ஏன் எப்பவும் ஆவுடை பேரு மட்டுங்கியளா? ஞானத்தப் பாத்தா நோயாளின்னு எவன் நம்புவான் மேடம்? ஆவுடை ஒல்லிப் பய. கன்னத்த உள்ள இழுத்துக்கிட்டு நின்னாம்னா வார்டனே கையெழுத்துப் போட்டுட்டு 'பாத்துக்கோப்பா'ம்பாரு. அவனுக்கு அது பெறவியிலயே அமைஞ்ச வசதி.

அப்பிடிப் போச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேலன்னு வச்சுக்கிடுங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் அந்த மெஸ்ஸுக்குள்ள உக்காந்து சாப்பிட்டது இல்ல. ஞாயித்துக்கிழம கோழிக் கொழம்பு போடுவாவ. கீழ சத்தமும் சிரிப்புமாக் கெடக்கும், தட்டு மோதுத சத்தம் கேக்கும், கொழம்பு வாசன படி ஏறி வரும். நான் கட்டிலுக்கு அடியில படுத்து ரசஞ்சாதம் தின்னுக்கிட்டு அந்த வாசனைய மோந்து பாத்துக்கிட்டுக் கெடப்பேன். இன்னைக்கி மத்தியானம் அதே கொழம்பு. அந்தப் பெஞ்சுல நாலு பேருக்கு நடுவுல இடிச்சுக்கிட்டு உக்காந்து, சத்தமாச் சிரிச்சு, 'இன்னொரு கரண்டி ஊத்தும்வே'ன்னு கேக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம். இதுக்குத்தான் மேடம் இவ்வளவு அலைச்சலும்.

இந்தா பாருங்க, பையில வச்சிருக்கேன். எல்லாருக்கும் தட்டு வெட்டக் குடுத்தப்போ எனக்கும் ஒண்ணு வெட்டுனேன். இருபத்தேழு சி. எவ்வளவு அழகா இருக்கு பாத்தியளா.

இப்பம் கேளுங்க. எங்க வாட்ஸப் குரூப்ல ஒரு பேச்சு வந்துது. பொண்டாட்டி, பிள்ள, பேரன், பழைய டே ஸ்காலர்னு ஊரே வருது, மெஸ்ஸுல எடம் பத்தாது. நான் எழுதுனேன்: மெஸ்ஸுக்குள்ள ஹாஸ்டல்காரன் மட்டும், மத்தவங்களுக்குப் பந்தல்ல எல போட்டு விருந்து. எல்லாரும் கட்ட விரலத் தூக்கிக் காட்டுனாவ. என்ன அருமையான யோசனன்னு ஞானம் பாராட்டி எழுதுனான். அப்பம் ஆவுடை, மாசக்கணக்கா வாயத் தொறக்காதவன், ஒரே ஒரு வரி போட்டான். 'அப்போ வைகுண்டம் எங்க உக்காருவான்?'

என்ன மேடம் சிரிக்கிய? சட்டம் போட்டது நீங்கதானேங்கியளா? போட்டேன், இல்லன்னு சொல்லல. அது டே ஸ்காலருக்குப் போட்டது. நான் டே ஸ்காலரா? அந்த ஹாஸ்டல்ல எவனும் படுக்காத எடத்துல படுத்தவன் நான்! அம்புட்டுப் பேரும் மறந்து கெடந்தாவ. எனக்கே ஞாபகம் வரல. இவன் ஒருத்தன் எடுத்துக் குடுக்கான். ஒடனே நாலு பேரு கெளம்பிட்டாவ, ஆமா, ஹாஸ்டல் ரிஜிஸ்டர்ல வைகுண்டம் பேரு கெடையாதே, ஒருத்தனுக்கு விட்டா எல்லா டே ஸ்காலரும் கேப்பானேன்னு.

அக்கறையாக் கேட்டிருக்கலாமா? நல்லாச் சொன்னிய போங்க. அக்கற உள்ளவன் எனக்கு ஒரு போன் போட்டுக் கேப்பான். சபையில வச்சா கேப்பான்?

நானும் விடல. கை பேசாம இருக்குமா? ஒடனே எழுதுனேன். 'ரூல் பேசுதவங்க மொதல்ல ஒண்ணத் தெரிஞ்சுக்கணும். ஆவுடையப்பன் நம்ம பேட்ச்சே இல்ல. நம்ம பாஸ் பண்ணி ஒரு வருஷம் கழிச்சுத்தான் பாஸ் பண்ணுனான். அவனுக்கு மட்டும் என்ன உரிம?' அப்பிடின்னு. எப்பிடி? அன்னைக்கே குரூப்ப விட்டு வெளியேறிட்டான். உண்மையச் சொன்னா சில பேருக்குத் தாங்காது.

ஏன் ஒரு வருஷம் பிந்துனானா? அது ஒரு கத. மூணாம் வருஷம் அவனுக்கு நெசமாவே காய்ச்சல் வந்துட்டு. டைபாய்டு. அன்னைக்கி அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ரிஜிஸ்டர்ல பேர எழுதுனான். வார்டன் பாத்தாரு, மாசத்துல பாதி நாளு இதே பேரு, செவப்பு மையில அடிச்சிட்டாரு. ஞானம் போயிக் கெஞ்சி ரூம் வரைக்கும் கூட்டியாந்தான். நான் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால. மேல கட்டிலு நடுங்குது மேடம், அவன் ஒடம்பு ஒதறுத ஒதறுல கட்டிலு காலு தரையில டக்கு டக்குன்னு அடிக்குது, என் காதுக்குப் பக்கத்துல. வார்டன் வாசல்லயே நின்னு பாத்துட்டு 'நடிக்கான்'னாரு. ஒரே சொல்லு. சொல்லிட்டுப் போயிட்டாரு.

நான் எப்பிடி வெளிய வந்து சொல்ல முடியும்? வந்தா மூணு பேருக்கும் டிஸ்மிஸ். ஆவுடைக்கும் சேத்துத்தான. அவனக் காப்பாத்தத்தான் நான் வாயத் தொறக்கல, அப்பிடிப் பாருங்க.

சிக் டயட்டும் நின்னுபோச்சு. சாப்பாடு வராத ரூம்ல நான் இருந்து என்ன செய்ய? நான் வீட்டுக்குப் போயிட்டேன். ஒம்பது கிலோமீட்டர்தான, எங்கம்மா கையால நல்லாச் சாப்பிட்டு, திரும்பி வந்து பாத்தா ரூம்ல ஆவுடை இல்ல. அவங்கப்பா காரு வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காரு, ஆஸ்பத்திரியில கெடக்கான். பொழைச்சுட்டான், பொழைக்காம என்ன. ஆனா அட்டெண்டன்ஸ் போச்சு, பரீச்ச போச்சு, வருஷமும் போச்சு. அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? தலையில எழுதியிருந்தா நடக்கும். அவன் கட்டிலு காலியாக் கெடந்தது, வேற ஆளு போடல. கொஞ்ச நாளு பாத்துட்டு நான் மேல ஏறிப் படுத்தேன். சும்மா கெடக்குத கட்டில வீணாக்குவானேன்?

ஏன் மேடம் அப்பிடிப் பாக்கிய?

இதையெல்லாம் அவன் என்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல. ஒரு சொல்லு கேட்டதில்ல. மறு வருஷம் ஜூனியர் பயலுகளோட உக்காந்து படிச்சான், வழியில பாத்தா 'சாப்பிட்டியால?'ம்பான், போயிருவான். மனசுல ஏதாவது இருந்தா சொல்லணும்ல? நான் எல்லாத்தையும் வெளிய கொட்டுதவன். அவன் உள்ளயே வச்சுப் பூட்டுதவன். எங்க வீட்ல அவகூட, 'நீங்க அந்த பேட்ச் வெசயத்த எழுதியிருக்க வேண்டாம்'னா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இருன்னுட்டேன். அவ இப்பம் பந்தல்ல உக்காந்திருக்கா. நான் அங்க போயி அவ பக்கத்துல உக்காரணுமாம், ஞானம் சொல்லிட்டுப் போறான். 'கோவிச்சுக்கிடாதல, எல இன்னும் நல்லா இருக்கும், பாயாசம்லாம் உண்டு'ங்கான். பாயாசம் வீட்ல கெடைக்காதா எனக்கு?

நான் போறதா இல்ல. இந்த எடத்துல, ஒங்க மேசைக்கு முன்னால, இந்தத் தட்டோட நிக்கப் போறேன். உள்ள போற ஒவ்வொருத்தனும் என்னத் தாண்டித்தான் போகணும். கண்ணப் பாத்துட்டுப் போகட்டும். தண்டவாளம் அடிச்சதும் நானும் உள்ள போவேன், புடிச்சு வெளிய தள்ளுதவன் தள்ளட்டும். அறுவத்திரண்டு வயசுல இன்னொருக்கக் கட்டிலுக்கு அடியில போயி ஒளிய மாட்டேன். ஒளியவே மாட்டேன்.

போன் அடிக்குது, எடுங்க. என்னப் பாக்காதிய, ஒங்க வேலையப் பாருங்க, நான் நிக்கேன்.

ஒம்பதாம் நம்பரா? ஆவுடையா? என்னங்கான்?

ஒடம்பு சரியில்லையாமா. கீழ எறங்கி வரலையாமா. ரூமுக்கு ரசஞ்சாதமும் சுட்ட அப்பளமும் குடுத்துவிடணுமாமா. ம். பொறவு? இன்னும் ஏதோ சொன்னான்லா, நீங்க எழுதுனத நிறுத்திட்டு என்னப் பாத்தியள்லா. அதையும் சொல்லுங்க. சொல்லுங்க மேடம், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

'மெஸ்ஸுல என் எடத்துல வைகுண்டத்த உக்கார வைங்க.'

வைகுண்டம்னா சொன்னான்? கட்டிலடின்னு சொல்லலையே? வைகுண்டம்னுதான் சொன்னானா.

பொய் மேடம். அவனுக்கு ஒண்ணும் இல்ல. காலையில அருவியில குளிச்சிட்டுத் தலையத் தொவட்டிக்கிட்டே படி ஏறிப் போனான், நான் தூணுக்குப் பின்னால நின்னு பாத்தேன். நல்லாத்தான் இருந்தான். நடிக்கான்.

நடிக்கான்...

இதே சொல்லுதான் மேடம். வாசல்ல நின்னு அந்த மனுசன் சொன்ன அதே சொல்லு. நான் கீழ கெடந்து கேட்டேன்.

இப்பமே தண்டவாளம் அடிக்காவளே. ஞானந்தான் அடிக்கான், நாலு ஊரு கேக்குத மாதிரி அவனுக்குத்தான் அடிக்க வரும். பாருங்க, பாருங்க, எப்பிடி ஓடுதானுவ, மூட்டு வலியெல்லாம் எங்க போச்சுன்னு கேளுங்க. ஏல மெதுவாப் போங்கல, பெஞ்சு ஓடியா போயிரும்? கோழிக் கொழம்பு வாசன வருதுல்லா? நல்ல பக்குவம். அந்தக் கேட்டரிங்காரரு வைதுக்கிட்டே வச்சாலும் சரியாத்தான் வச்சிருக்காரு.

நீலப் பட்டைய ஏன் நீட்டுதிய? வேண்டாம். அது ஆவுடையோடது, அவன் பேருலயே இருக்கட்டும். நாளைக்கி ராத்திரிதான எல்லாரும் கெளம்புதோம், அதுக்குள்ள இன்னும் ரெண்டு வேள சோறு இருக்கு. அந்தப் பெஞ்சுல நான் உக்காரத்தான் செய்வேன், அதுல மாத்தம் இல்ல. ஞானத்துக்கிட்டச் சொல்லிருங்க.

ஒங்க ஆளு தட்டு கொண்டாந்துட்டாரா? இங்க குடுங்க அத. ஒங்க ஆளு போக வேண்டாம், நான் போறேன். இல்ல, இந்தப் பீங்கான் தட்டு வேண்டாம், ரசம் வழிஞ்சிரும். இதுல மாத்துங்க, இந்த இருபத்தேழு சியில. இன்னும் கொஞ்சம் சோறு வைங்க. இன்னும் கொஞ்சம். ரெண்டு அப்பளமா வைங்க.

நான் ஏதோ மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனைச்சுக்கிடாதிய. ஒரு சொல்லு என் வாயில வராது. எழுதுனது எழுதுனதுதான், உண்மையத்தான எழுதுனேன். ரசம் ஆறிரும், அதுக்காகப் போறேன். கதவத் தட்டுவேன். யாருன்னு கேப்பான். 'சிக் டயட்டு'ம்பேன். தொறந்தாத் தொறக்கட்டும், இல்லாட்டி வாசல்லயே உக்காந்திருப்பேன், எனக்குத் தரையில கெடக்கத் தெரியும்.

அந்த மாடிக் கதவக் கொஞ்சம் தொறந்து புடிங்க மேடம். ரெண்டு கையும் தட்டுல இருக்கு.